எக்ஸ்சேஞ்ச்: பழையதைக் கொடுத்து உயர்ந்ததை வாங்கும் கணக்கு

கையில் இருக்கும் பொருளைக் கொடுத்துவிட்டு, அதே வகையில் அதைவிட மதிப்புள்ள ஒன்றை வாங்கிக்கொள்வதை எக்ஸ்சேஞ்ச் என்கிறோம். பழைய போனைக் கொடுத்துப் புதிய போன், சின்ன காரைக் கொடுத்துப் பெரிய கார், பழகுவதற்கு வாங்கிய கித்தாரைக் கொடுத்து மேடையில் வாசிக்கத் தகுந்த கித்தார். பார்க்க எளிமையான விஷயம்தான். ஆனால் முதல்முறை யோசிக்கிற எவருக்கும் ஒரு சந்தேகம் வரும். நான் குறைந்ததைக் கொடுத்துக் கூடியதை வாங்கினால், எதிரில் இருப்பவர் கூடியதைக் கொடுத்துக் குறைந்ததை வாங்குகிறார் என்றுதானே பொருள்? அவர் ஏன் சம்மதிக்கிறார்? ஒன்று அவர் ஏமாற வேண்டும், இல்லையென்றால் எனக்கே தெரியாமல் நான் ஏமாற வேண்டும்.

இருவருமே ஏமாறாமலும் இது நடக்கும். எந்தப் பொருளுக்கும் எல்லோருக்கும் பொதுவான ஒரே மதிப்பு கிடையாது என்பதுதான் காரணம். தைப்பதை நிறுத்திப் பல காலம் ஆன ஒருவர் வீட்டில் மூலையில் கிடக்கும் தையல் மெஷின், அவருக்கு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் இரும்பு. அடுத்த மாதம் தையல் தொழில் தொடங்கப் போகிறவருக்கு அதுவே பிழைப்பு. மெஷினில் ஒரு திருகாணிகூட மாறவில்லை. ஆள் மாறியதும் மதிப்பு மாறிவிட்டது. எக்ஸ்சேஞ்சில் கிடைக்கும் லாபம் முழுவதும் இந்த இடைவெளியிலிருந்துதான் வருகிறது. இது மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் கூட்டல் கழித்தல்தான்.

பேப்பர் கிளிப்பிலிருந்து வீடு வரை

பணமே சேர்க்காமல் பொருளுக்குப் பொருள் மாற்றி மேலே ஏற முடியுமா? முடியும் என்பதற்கு உலகறிந்த சான்று கைல் மெக்டொனால்ட். கனடாவின் மாண்ட்ரியால் நகரில் இருந்த இந்த இளைஞர், 2005 ஜூலையில் ஒரு சிவப்புப் பேப்பர் கிளிப்பின் படத்தை இணையத்தில் போட்டு, இதைவிடப் பெரியதோ சிறந்ததோ எதையாவது இதற்குப் பதிலாகத் தருவீர்களா என்று கேட்டார். மீன் வடிவப் பேனா ஒன்று கிடைத்தது. பேனாவுக்குக் கையால் செய்த கதவுக் குமிழ், குமிழுக்குக் கூடாரத்தில் பயன்படுத்தும் அடுப்பு, அடுப்புக்கு ஜெனரேட்டர் என்று போய், பனியில் ஓட்டும் வண்டி, சரக்கு வேன், பாட்டு ஒலிப்பதிவு ஒப்பந்தம் என வளர்ந்தது. ஓராண்டில் 14 மாற்றல்கள். பதினான்காவதில், சஸ்காட்செவன் மாகாணத்தின் கிப்ளிங் என்ற சிற்றூரில் இரண்டு மாடி வீடு ஒன்று அவர் கைக்கு வந்தது.

கதையாகக் கேட்டால் அதிர்ஷ்டம் போலத் தெரியும். ஒவ்வொரு படியாகப் பார்த்தால் அப்படி இல்லை. ஒலிப்பதிவு ஒப்பந்தத்தை அவரிடமிருந்து பெற்றுக்கொண்டவர் ஃபீனிக்ஸ் நகரில் வாழ்ந்த ஒரு பாடகி. பதிலுக்குத் தன் வீட்டின் ஒரு பகுதியில் ஓராண்டு வாடகையில்லாமல் தங்கும் உரிமையைக் கொடுத்தார். பாடாத ஒருவருக்கு அந்த ஒப்பந்தம் வெறும் காகிதம். பாடகிக்கோ, பணம் கொடுத்தாலும் எளிதில் கிடைக்காத வாய்ப்பு. இருவருமே தம்மிடம் இருந்ததைவிடத் தமக்குப் பெரியதை வாங்கிக்கொண்டு போனார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த படி பன்னிரண்டாவது. அப்போது மெக்டொனால்டின் கையில் இருந்தது, ராக் பாடகர் ஆலிஸ் கூப்பருடன் ஒரு பிற்பகலைக் கழிக்கும் வாய்ப்பு. அதைக் கொடுத்து அவர் வாங்கியது ஒரு கண்ணாடி உருண்டை. உள்ளே பனி பெய்வதுபோலத் தெரியுமே, அந்த அலங்காரப் பொருள். கிஸ் இசைக்குழுவின் பெயரில் வந்தது, மோட்டார் பொருத்தியது. ஏறிக்கொண்டிருந்தவர் சறுக்கிவிட்டார் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். ஆனால் நடிகர் கார்பின் பெர்ன்சன் அத்தகைய உருண்டைகளை ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்திருப்பவர். அந்த உருண்டைக்காகத் தன் படம் ஒன்றில் நடிக்கும் வாய்ப்பையே கொடுத்தார். அந்த வாய்ப்புக்காகத்தான் கிப்ளிங் ஊர் வீட்டைக் கொடுத்தது. சந்தை விலையை மட்டும் பார்த்திருந்தால் அந்த உருண்டையை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அடுத்து அதை யாருக்குக் கொடுக்கப் போகிறோம் என்று தெரிந்தவருக்குத்தான் அது ஏணி.

இதில் இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். செய்தி பரவப் பரவ, அவரோடு மாற்றிக்கொள்வதே ஒரு பெருமையாகிவிட்டது. பிந்தைய படிகளில் அவர் கொடுத்தது பொருள் மட்டும் அல்ல, அந்தக் கதையில் ஓர் இடமும்தான். பின்னாளில் டெமி ஸ்கிப்பர் என்ற அமெரிக்கப் பெண் 2020இல் ஒரு கொண்டை ஊசியில் தொடங்கி, 28 மாற்றல்களில், 2021 இறுதியில் டென்னசியில் ஒரு வீட்டை அடைந்தார். அவருக்கும் பின்னால் இணையத்தில் பெரும் கூட்டம் இருந்தது. நாம் தனியாக முயன்றால் கிளிப்பிலிருந்து அடுப்பு வரை போகலாம். வீடு வரை போக ஊரே வேடிக்கை பார்க்க வேண்டும்.

இடையில் பணம் ஏன் வருகிறது?

பொருளுக்குப் பொருள் மாற்றுவதில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. என்னிடம் இருப்பது உங்களுக்கு வேண்டும். உங்களிடம் இருப்பது எனக்கு வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் பொருந்த வேண்டும். இங்கிலாந்துப் பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1875இலேயே இதை விளக்கமாக எழுதியிருக்கிறார். இந்த இரட்டைப் பொருத்தம் அமைவது அரிது. அதனால்தான் நம்மில் பெரும்பாலோர் பழையதோடு கொஞ்சம் பணமும் சேர்த்துக் கொடுத்துப் புதியதை வாங்குகிறோம். விற்பவர் பழையதற்கு ஒரு மதிப்புப் போடுகிறார், புதியதன் விலையில் அதைக் கழிக்கிறார், மிச்சத்தை நாம் கட்டுகிறோம்.

எல்லாத் தவறும் இந்தக் கழித்தலில்தான் நடக்கிறது. நாம் போய் நின்றதும் கேட்கும் முதல் கேள்வி: "பழசை எவ்வளவுக்கு எடுத்துக்குவீங்க?" கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: "பழசையும் கொடுத்துட்டு, மேல எவ்வளவு போடணும்?"

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்களிடம் உள்ள பழைய கேமராவை நேரடியாக ஒருவருக்கு விற்றால் 30 கிடைக்கும் என்று வையுங்கள். நீங்கள் விரும்பும் புதிய கேமராவின் அட்டை விலை 100. முதல் விற்பனையாளர் பழையதற்கு 40 தருகிறேன் என்கிறார். ஆனால் புதியதன் விலையில் எதுவும் குறைக்க மாட்டார். நீங்கள் கட்ட வேண்டியது 60. இரண்டாமவர் பழையதற்கு 25தான் தருவேன் என்கிறார். புதியதை 80க்குத் தருகிறார். கட்ட வேண்டியது 55. முதலாமவர் 40 என்று சொன்னதும் மனம் அவர் பக்கம் சாய்ந்துவிடும். 30 பெறுமான பொருளுக்கு 40 கிடைக்கிறதே! ஆனால் பையிலிருந்து கூடுதலாகப் போவது 5. மூன்றாவது வழியும் உண்டு: பழையதை நீங்களே 30க்கு விற்றுவிட்டு, இரண்டாமவரிடம் எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் 80 கொடுத்து வாங்குவது. அப்போது போவது 50 மட்டும்.

நான் முதல் கேமராவை மாற்றியபோது அந்த முதல் விற்பனையாளரைத் தேர்ந்தெடுத்த ஆள் நான்தான். பழையதற்கு நல்ல விலை கிடைத்த மகிழ்ச்சியில் வந்தேன். அதே கேமரா எக்ஸ்சேஞ்ச் இல்லாதவர்களுக்குத் தள்ளுபடியில் கிடைத்துக்கொண்டிருந்தது சில நாள் கழித்துத்தான் தெரிந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. பார்க்க வேண்டிய எண்ணை நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து, எக்ஸ்சேஞ்ச் என்பது இரண்டு வியாபாரங்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஒன்றில் நான் விற்கிறேன், மற்றதில் நான் வாங்குகிறேன். முதலில் பழையதைக் காட்டாமல் புதியதன் கடைசி விலையைக் கேட்டுக்கொள்வேன். பிறகுதான் பழையதை எடுத்து வைப்பேன்.

மேலே சொன்ன கணக்கில் 55க்கும் 50க்கும் இடையில் இருக்கும் அந்த 5 எதற்கு? விளம்பரம் போடுவது, விசாரிப்பவர்களுக்குப் பதில் சொல்வது, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவருக்காகக் காத்திருப்பது, பணம் கைக்கு வரும்வரை கவலைப்படுவது ஆகிய எல்லாவற்றிலிருந்தும் விடுதலை பெறக் கொடுக்கும் கூலி அது. நேரம் இல்லாதவருக்கு அந்தக் கூலி மிகவும் நியாயமானது. கூலி கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அதுதான் வேண்டியது. சில இடங்களில் வரிச் சட்டமே கணக்கை மாற்றிவிடும்: அமெரிக்காவின் பல மாநிலங்களில், காரை எக்ஸ்சேஞ்சில் வாங்கினால் விற்பனை வரி வித்தியாசத் தொகைக்கு மட்டும்தான். அங்கே தனியாக விற்பதைவிட எக்ஸ்சேஞ்சே லாபமாகவும் அமையலாம்.

விற்பவர் ஏன் குறைவாக மதிப்பிடுகிறார்?

பழைய பொருளை எடுத்துக்கொள்பவர் அதைத் தான் பயன்படுத்தப் போவதில்லை. துடைத்து, பழுது பார்த்து, இடம் கொடுத்து வைத்திருந்து, மறுபடி விற்க வேண்டும். அதற்கான செலவும் அவருடைய லாபமும் கழிந்த பிறகுதான் உங்களுக்கான மதிப்பு. இது எல்லோரும் ஊகிக்கக்கூடியது. ஆனால் இன்னும் ஆழமான காரணம் ஒன்று உண்டு.

பொருளின் குறை அதை வைத்திருந்தவருக்குத்தான் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. பொருளியலாளர் ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970இல் இதைப் பழைய கார்களை எடுத்துக்காட்டாக வைத்து விளக்கினார். நல்ல கார் எது, கோளாறான கார் எது என்று வாங்குபவரால் பிரிக்க முடியாததால், எல்லாவற்றுக்கும் நடுத்தர விலையே சொல்வார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் விற்க மாட்டார், ஒதுங்கிக்கொள்வார். சந்தையில் கோளாறான கார்களின் பங்கு கூடும். அதைப் பார்த்து வாங்குபவர் விலையை இன்னும் இறக்குவார். மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய கட்டுரை அது. அதில் விதைத்த சிந்தனைக்காகவே 2001இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் நடைமுறைப் பாடம் நேரானது. உங்கள் பொருள் நல்ல நிலையில் இருக்கிறது என்பது முக்கியம்தான். அது நல்ல நிலையில் இருப்பதை எதிரில் இருப்பவர் நம்புவது அதைவிட முக்கியம். சர்வீஸ் செய்த ரசீதுகள், வாங்கிய பில், வந்த பெட்டி, கூடவே வந்த சார்ஜர், மிச்சமிருக்கும் வாரண்டி எல்லாம் சேர்ந்து அவருடைய சந்தேகத்தைக் குறைக்கின்றன. சந்தேகம் குறைந்தால் அதற்காக அவர் கழித்த தொகையும் குறையும். இருக்கும் குறையை மறைப்பதைவிட முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது என்றும் சொல்வேன். ஒன்றை மறைத்தது தெரிந்துவிட்டால், இல்லாத பத்துக் குறைகளுக்கும் சேர்த்துக் கழிப்பார்.

நாம் ஏன் கூடுதலாக மதிப்பிடுகிறோம்?

குற்றம் எதிர்ப்பக்கம் மட்டும் இல்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. ஜாக் நெட்ஷ் என்ற பொருளியலாளர் 1989இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதை அழகாகக் காட்டுகிறது. மாணவர்களில் ஒரு குழுவுக்கு ஒரு கோப்பையும், இன்னொரு குழுவுக்கு ஒரு சாக்லேட்டும் கொடுத்தார். சற்று நேரம் கழித்து, விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம் என்றார். கோப்பை பெற்றவர்களில் 89 சதவீதம் பேர் கோப்பையையே வைத்துக்கொண்டார்கள். சாக்லேட் பெற்றவர்களில் 90 சதவீதம் பேர் சாக்லேட்டை விடவில்லை. முதலிலேயே இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்ன மூன்றாவது குழு, ஏறக்குறைய பாதிக்குப் பாதியாகப் பிரிந்தது. சில நிமிடம் கையில் இருந்ததற்கே இவ்வளவு பிடிப்பு என்றால், ஆறு ஆண்டு ஓட்டிய பைக்கை ஒருவர் என்ன மதிப்புப் போடுவார் என்று எண்ணிப் பாருங்கள். பழையதற்கான விலையை முடிவு செய்யும் முன், "இது என்னிடம் இல்லாமல் இருந்தால், இதை நான் எவ்வளவு கொடுத்து வாங்குவேன்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். வருகிற பதில் சந்தை விலைக்குப் பக்கத்தில் இருக்கும்.

இந்தப் பிடிப்பை வியாபாரிகள் அறிவார்கள். பழையதற்கு அதிக மதிப்புக் கொடுத்தால் வாடிக்கையாளர் மனம் குளிரும் என்பதாலேயே, புதியதன் விலையில் குறைக்க வேண்டியதைப் பழையதன் மதிப்பில் ஏற்றி "எக்ஸ்சேஞ்ச் போனஸ்" என்று பெயர் வைக்கிறார்கள். உண்மையான சலுகையாகவும் இருக்கலாம், இடம் மாறிய தள்ளுபடியாகவும் இருக்கலாம். மேலே எவ்வளவு போட வேண்டும் என்ற அந்த ஒரே எண்தான் எது என்று காட்டிக்கொடுக்கும்.

ஒரு தொழிலையே மாற்றிய வழக்கம்

எக்ஸ்சேஞ்ச் சின்ன வசதிதானே என்று நினைப்பவர்களுக்கு 1920களின் அமெரிக்கக் கார் தொழிலைச் சொல்லலாம். ஹென்றி ஃபோர்டு 1908 முதல் மாடல் டி என்ற ஒரே காரைச் செய்து, காலப்போக்கில் விலையை வெகுவாகக் குறைத்தார். முதல்முறை கார் வாங்குபவருக்கு அதைவிட நல்ல செய்தி இல்லை. 1923இல் ஜெனரல் மோட்டார்ஸின் தலைவரான ஆல்ஃபிரட் ஸ்லோன் வேறு மாதிரி யோசித்தார். பலரிடம் ஏற்கெனவே கார் இருக்கிறது. பழையதை நாமே எடுத்துக்கொண்டு, தவணை வசதியும் கொடுத்தால், அவர்கள் ஒரு படி மேலான காருக்கு வருவார்கள். விலை குறைந்த செவ்ரோலேயில் தொடங்கி விலை உயர்ந்த காடிலாக் வரை அவர் படிகளாகக் கார்களை அடுக்கி வைத்தது இதற்காகத்தான். அப்படித் திரும்பி வந்த பழைய கார்கள் குறைந்த விலைக்குச் சந்தையில் நின்றபோது, புதிய மாடல் டி வாங்கும் பணத்துக்குக் கொஞ்சம் பழகிய, ஆனால் வசதியான கார் கிடைத்தது. 1927இல் மாடல் டி நின்றுபோனதற்கு வேறு காரணங்களும் உண்டு. இதுவும் ஒரு வலுவான காரணம்.

மாற்றாமல் இருக்க வேண்டிய நேரம்

மூன்று இடங்களில் நான் கையை மடக்கிக்கொள்ளச் சொல்வேன். முதலாவது, பழைய பொருளின் மீது கடன் நிற்கும்போது. காரின் இன்றைய மதிப்பு 50, கட்ட வேண்டிய பாக்கி 60 என்றால், நீங்கள் கொடுக்கும் காரின் மதிப்பு பூஜ்யத்துக்கும் 10 கீழே. அந்தப் பத்தைப் புதிய கடனோடு சேர்த்துக்கொள்ளலாம், தவணை கொஞ்சம்தான் கூடும் என்று இனிமையாகச் சொல்வார்கள். இல்லாத காருக்கும் சேர்த்து வட்டி கட்டுவதுதான் அது. புதிய காரும் முதல் ஆண்டில்தான் வேகமாக மதிப்பு இழக்கும் என்பதால், அடுத்த எக்ஸ்சேஞ்சில் பள்ளம் இன்னும் ஆழமாகும்.

இரண்டாவது, புதியது தன்னோடு வேறு செலவுகளையும் அழைத்து வரும்போது. யானை வாங்கியவர் அங்குசமும் வாங்கித்தான் ஆக வேண்டும். பெரிய கேமராவுக்குப் பழைய லென்ஸ் பொருந்தாமல் போகலாம். பெரிய காருக்குக் காப்பீடும் டயரும் எரிபொருளும் கூடும். பிரெஞ்சுச் சிந்தனையாளர் தெனி திதரோ 18ஆம் நூற்றாண்டிலேயே இதை அனுபவித்து எழுதினார். பழைய அங்கியின் இடத்தில் அழகான புதிய அங்கி வந்தது. அதன் பக்கத்தில் நாற்காலி, மேசை, சுவரில் இருந்த படங்கள் எல்லாமே மங்கலாகத் தெரிந்தன. ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனார். மானுடவியலாளர் கிராண்ட் மெக்கிராக்கன் பின்னர் இதற்குத் "திதரோ விளைவு" என்றே பெயர் வைத்தார். வித்தியாசத் தொகையைக் கணக்கிடும்போது, அடுத்த இரண்டு ஆண்டுச் செலவையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

மூன்றாவது, பழையது செய்யாத எதைப் புதியது செய்யப் போகிறது என்று ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியாதபோது. பேட்டரி மட்டும் தளர்ந்துபோன போனுக்குப் புதிய பேட்டரி போதும். லித்தியம் பேட்டரிகள் சில நூறு முறை முழுதாகச் சார்ஜ் ஏறி இறங்கியதும் பலம் குறைவது இயல்பு. போன் கெட்டுப்போனதற்கு அடையாளம் அல்ல.

மாற்றுவது என்று முடிவாகிவிட்டால், காலம் பார்ப்பதும் பயன் தரும். எலெக்ட்ரானிக் பொருள்களின் மதிப்பு சீராக இறங்குவதில்லை, படிக்கட்டில் இறங்குவதுபோல இறங்கும். அடுத்த மாடல் வெளியானதும் ஒரு படி, மென்பொருள் அப்டேட் நின்றதும் இன்னொரு படி, பெரிய படி. படி வருவதற்கு முன்பே விலையைப் பேசி உறுதி செய்துகொண்டால், அதே பொருளுக்குக் கூடுதலாகக் கிடைக்கும்.

போனோ கணினியோ கொடுக்கிறீர்கள் என்றால், ஒப்படைப்பதற்கு முந்தைய நாளே இதைச் செய்துவிடுங்கள். தகவல்களைப் பிரதி எடுங்கள், எடுத்த பிரதி திறக்கிறதா என்று பாருங்கள். பிறகு உங்கள் கணக்கிலிருந்து வெளியேறி, தொலைந்தால் கண்டுபிடிக்க உதவும் வசதியை அணைத்துவிட்டு, அதற்கப்புறம் முழுதாக அழியுங்கள். இந்த வரிசை மாறி, கணக்கை நீக்காமல் அழித்துவிட்டால் போன் பூட்டிக்கொள்ளலாம். அடுத்தவர் திறக்கும்போது உங்கள் கடவுச்சொல்லைக் கேட்கும். பேசிய மதிப்பு அந்த இடத்திலேயே கீழே போய்விடும். சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டு, எல்லாப் பக்கமும் தெரியப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தூரத்திலிருந்து ஆள் வந்து எடுத்துப்போகும் ஏற்பாடு என்றால், கீறல் முன்பே இருந்ததா வழியில் விழுந்ததா என்ற பேச்சு வரும்போது அந்தப் படங்கள்தான் உங்கள் பக்கம் நிற்கும். ரசீதில் பழையதற்குப் போட்ட மதிப்பும் புதியதன் விலையும் தனித்தனியாக எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். புதியதைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால், பழையது திரும்ப வருமா அல்லது அதன் மதிப்பு பணமாக வருமா என்பதையும் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.